செவ்வாய்க்கிழமை முறை

பூர்க்டோர்ஃப் ரயிலடிக்குப் பின்னால்
எங்கள் கட்டடத்தின் நிலவறையில்
இரண்டு வாரத்துக்கொரு செவ்வாய்
துணி துவைக்க என் முறை.
தலைக்கு மேலே சின்ன யன்னல்,
அதற்கும் மேலே
யாரோ பனி வழிக்கும் சத்தம்.

கொஸ்தா ரிகாவை மெஷினுக்குள் திணிக்கிறேன்:
சேறு காய்ந்த கால்சட்டை,
நுளம்பு மருந்து மணக்கும் மேற்சட்டை,
உப்புப் பூத்த துவாய்.

மரத்திலேயே தொங்கிக் கிடக்கும் ஸ்லாத்
கிழமைக்கு ஒரு தரம்
வெளிக்குப் போக மட்டும் தரையிறங்கும்
என்றான் வழிகாட்டி எலியேசர்.
எல்லாரும் சிரித்தார்கள்.
நான்காம் மாடியிலிருந்து கூடையோடு வந்த எனக்கு
இப்போதுதான் சிரிப்பு வருகிறது.

ஆமை முட்டையிட்ட இரவில்
சிவப்பு விளக்கு மட்டும். படம் எடுக்கக் கூடாது.
ஆகவே காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.
ஒரு பெருமூச்சு கேட்டது.
அவ்வளவு பெரிய உடம்பு
பின்துடுப்பால் குழியை மூடி, தட்டி,
மறுபடியும் தட்டியது
அடுப்பை அணைத்தோமா என்று
பாதி வழியில் திரும்பி வருபவள் போல.

கடைசி அலசலில் மெஷின் கரகரத்தது.
வாசலில் ஃப்ராவ் ஸ்பிண்டன்,
தன் முறைக்கு ஐந்து நிமிடம் முன்பே.
குனிந்து வடிகட்டியைக் கழற்றினார்.
ஒரு பிடி கறுப்பு மணல்.
"என்ன இது?"
சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு
மணலை ஒற்றை விரலால் கிளறினார்,
மெதுவாக,
உள்ளே ஏதும் உடைந்துவிடுமோ என்பதுபோல்.
அந்த நேரம் பார்த்து
மூன்று நிமிட விளக்கு தானாக அணைந்தது.
மெஷினின் சிவப்புப் பொட்டு மட்டும்.
பொத்தானை இருவரும் தேடவில்லை.

"வந்ததா," என்றார் இருட்டிலிருந்து,
"ஆமை?"