பதினேழாம் எண்ணின் நேரம்

காசிமேடு தாண்டி, கடலோரச் சாலையில்
கவிழ்த்துப்போட்ட மீன் கிரேட்டின் மேல் லேப்டாப்.
மணி நாலே முக்கால்.
கீபோர்டில் உப்புப் பிசுபிசுப்பு,
தட்டிய விரல் ஒட்டி எழுகிறது.

முதலில் கடிகாரம்.
என்னுடையதும்,
மீடியனுக்கு அந்தப் பக்கம் முடிவுக் கோட்டில்
டில்லிபாபு வைத்திருப்பதும்
நான்கு நொடி வேறு.
போனில் "இப்போ" என்கிறேன்.
அவன் காதில் விழுவதற்குள் அந்த இப்போ பழசாகிவிடுகிறது.
ஆறாவது இப்போவில் ஒத்துப்போனோம்.

நாற்பது பேர். நிமிடத்துக்கு ஒருவர்.
ஐந்தரையிலிருந்து
நாற்பது தனித்தனி விடியல்களை
ஒரே பத்தியில் நிரப்பினேன்.
முன்னால் வருகிறவன் ஜெயித்தவன் இல்லை என்று
பிளக் கொடுத்த டீக்கடைக்காரருக்கு
விளக்க முடியவில்லை.
"அப்புறம் எதுக்குப்பா ரேஸு?"

ஐந்து நாற்பத்தாறு.
பதினேழு, தேசப்பன், மணலி.
மைக்கில் இரண்டு முறை கூப்பிட்டார்கள்.
கோட்டில் யாருமில்லை.
மென்பொருளுக்கு அது தெரியாது.
மூன்று, இரண்டு, ஒன்று,
சிவப்பு பச்சையானது.
சென்சார் பாயைத் தாண்டி
காற்று மட்டும் எண்ணூர்ப் பக்கம் கிளம்பியது.

பதினெட்டும் பத்தொன்பதும் போன பிறகு வந்தான்.
கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயிலாம்.
"எண்ணினு நின்னேன் சார், நாப்பத்தெட்டு டேங்கர்."
திரையைப் பார்த்தான்.
"இன்னா சார், நான் இல்லாமலே என் டைம் ஓடுதா?"
ஆமாம் என்றேன். விதி அப்படி.

சிலிண்டர் தூக்கிப் பழகிய தோள்
இரவல் சைக்கிளின் ஹேண்டில்மேல்
இடம் போதாமல் குனிந்தது.
தன் பேரில் ஓடிக்கொண்டிருப்பதைத் துரத்திப் போனான்.

இருபத்தேழு நிமிடம், ஐந்து நொடி.
இருபத்திரண்டாம் இடம்.
தாமதம் இரண்டு நிமிடம் பதினொரு நொடி.
பழக்கதோஷம், ஓரத்தில் ஒரு கழித்தல் போட்டேன்.
முதலாமவனைவிட எட்டு நொடி குறைவு.
கழித்தலை யாரிடமும் காட்டவில்லை.

தொடக்க நேரம் என்ற கட்டத்தைத் திருத்த
இரண்டு கிளிக் போதும்.
கர்சர் அங்கே போய்த் துடித்துக்கொண்டு நின்றது,
திரும்பியது.
கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு,
யாரும் நிரப்புவதில்லை.
எழுதினேன்: கேட். 48 டேங்கர்.

ஏழு மணிக்கு டிரெய்லர்களைத் திறந்துவிட்டார்கள்.
பாயைச் சுருட்டியபடி
ஹாரன்களுக்கு மேல் டில்லிபாபு கத்தினான்:
"முப்பத்தொண்ணு, ஃபிலோமினா, வரவே இல்ல.
டைம் இன்னும் ஓடுது. நிறுத்திடவா?"

கொஞ்சம் இரு, என்றேன்.