இரண்டு நொடி

சாவியை ஒரு திருப்பு திருப்பினால்
டேங்குக்குள்ளிருந்து ஒரு முனகல் வரும்.
இரண்டு நொடி. அவ்வளவுதான்.
ஏழு வருஷமாய் அதைக் கேட்டுவந்திருக்கிறேன் என்பதே
அது வராத அன்றைக்குத்தான் தெரிந்தது.

எண்ணூர் நெடுஞ்சாலை. மணி மூன்றே கால்.
இடப்பக்கம் கற்குவியலுக்கு அப்பால் கடல்.
வலப்பக்கம் துறைமுகத்துக்கு வரிசை நிற்கும் கன்டெய்னர் லாரிகள்.
நடுவில், வாய் திறந்த பானெட்டோடு என் பிக்கப்.
பின்னால் தார்ப்பாய்க்கடியில் இருபத்தைந்து பார் ஐஸ்.
ஐஸுக்கு யார் மேலும் கோபமில்லை,
அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது.

இறங்கி வந்தவர்கள் எல்லாரும் டாக்டர்கள்.
பேட்டரி என்றான் ஒரு கிளீனர்.
ஏர் புடிச்சிருக்கும் என்றது மேலே ஒரு ஜன்னல்.
தமிழ் வராத டிரைவர் ஒருவர்
பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினார்: டீசலில் தண்ணீர்.
எனக்கு மட்டும் ஏழாம் தேதி தெரிந்தது,
ஃபைனான்ஸ்காரன் முகத்தோடு.

லுங்கியோடு டிவிஎஸ்ஸில் வந்தான் தஸ்தகீர்.
தூக்கம் அவனோடு பில்லியனில் வந்தது.
"நிக்கசொல்லோ இன்னா பண்ணுச்சு?"
"மூச்சு வாங்கி வாங்கி நின்னுது."
அதற்குமேல் அவன் என்னிடம் கேட்கவில்லை,
வண்டியிடம் கேட்டான்.

ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி
வெட்டிய பாட்டிலில் பிடித்தான்,
செல்போன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.
தேன் நிறம். தண்ணீர் இல்லை.
தமிழ் வராதவர் சற்று வருத்தமாய் லாரிக்குத் திரும்பினார்.

ஹாரன் ரிலேயைப் பிடுங்கி பம்ப்புக்குப் போட்டான்,
பம்ப் ரிலேயை ஹாரனுக்கு.
சாவி: ஒன்றுமில்லை.
ஹாரன்: காது கிழிந்தது.
"ரிலே நல்லவந்தான்" என்றான்.

வண்டிக்கடியில் மல்லாந்து,
டேங்கு ஒயரில் டெஸ்ட் லைட் குத்தினான்.
பல்பு எரிந்தது.
அப்புறம் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை டேங்கில் வைத்து
பிடியைக் காதில் வைத்துக்கொண்டான்.
நாற்பது லாரிகளின் உறுமலுக்குள்
இரண்டு நொடியைத் தேடினான்.
"போடு."
போட்டேன்.
"போடு."
போட்டேன்.
அலை ஒன்று கல்லில் மோதித் திரும்பும்வரை
அவன் முகத்தில் அசைவில்லை.

"கரண்டு போவுது. இவன் எழுந்துக்கல."
மரச்சுத்தியால் டேங்கைத் தட்டினான்,
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல.
அரை நொடி ஒரு ர்ர்ர்.
பிறகு இல்லை.
"செத்துட்டானா?"
"செத்துக்கினு கீறான்."

ஐந்து லிட்டர் கேன். இரண்டு ஹோஸ்.
ஒன்று ஃபில்டருக்குக் குடிக்கக் கொடுக்க,
இன்னொன்று குடித்து மிஞ்சியதைத் திரும்ப வாங்க.
அது டேங்குக்குப் போனால் எவன் எடுத்துத் தருவான்?
எசேக்கியேல் ஐஸ் மேல் சாக்குப் போட்டு உட்கார்ந்து
கேபினுக்கு மேலே கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.
மூன்று செல்ஃப். நான்காவதில் பிடித்தது.

இருபது கிலோமீட்டர் வேகம்.
ஒவ்வொரு பள்ளத்துக்கும் மேலிருந்து குரல்:
"நாலு விரல் கீது!"
"மூணரை!"
திருவொற்றியூரில் "மூணு!"
முன்னால் தஸ்தகீர், டிவிஎஸ்ஸில்,
எதிரே வந்த மாடுகளை விலக்கிக்கொண்டு.

காசிமேட்டில் ஏலம் பாதி முடிந்திருந்தது.
ஐஸ் கேட்டவன் என் பரம்பரையையே இழுத்தான்.
பார்கள் ஓரம் உருண்டு
தேய்ந்த சோப்புக்கட்டிபோல் இருந்தன.
பாதி விலைதான் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.

மதியம் டேங்கை இறக்கினோம்.
உள்ளே இருந்தது ஒரு டம்ளர் உயரம்கூட இல்லை.
பிரஷ் தேய்ந்து கருப்புத் தூள்.
புதுசு பதினோராயிரம். பாதி இப்போது,
பாதி வவ்வால் மீன் வரும் மாதம்.

மறுநாள் மூன்று மணி, ஐஸ் கம்பெனி வாசல்.
எசேக்கியேல் மச்சானிடம் தோற்ற வழக்கைச் சொல்லிக்கொண்டிருந்தான்.
சாவியை ஒரு திருப்பு.
சட்டென்று நிறுத்தினான். இருவரும் குனிந்தோம்.

ர்ர்ர்ர்.

"அப்பால அந்த வக்கீல் இன்னா சொன்னான்னா..."
என்று தொடர்ந்தான் அவன்.