முப்பத்து நான்கு ஜிபி

சரியாகப் பதினொன்று பத்துக்கு
ஜெயசீலி தலை குனிந்தபோது
படம் நின்றது.

பாதி உயர்ந்த கை,
பாதி திறந்த வாய்களோடு பாடகர் குழு,
மூலையில் ஆல்வின் ஸ்டுடியோவின் பெயரும்
அடியில் ஒரு கைபேசி எண்ணும்.
சக்கரம் சுற்றியது.
பிறகு ஒரு பெட்டி எழும்பி
மிகுந்த பணிவோடு சொன்னது:
சி டிரைவில் இடமில்லை.

இடமில்லை என்பது
சயான் கோலிவாடாவில் புதுச் செய்தியா?
பத்துக்குப் பன்னிரண்டு அறை.
மோரியில் ஒருத்தி குளித்தால்
மற்றவள் சுவரைப் பார்த்துக்கொண்டு
வெங்காயம் நறுக்க வேண்டும்.
அப்படி நான்கு வருடம் சுவரைப் பார்த்தவள் நான்.
எந்த விரிசல் எங்கே தொடங்கி எங்கே போகும் என்று
நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் காலையில் பார்த்தேனே,
முப்பத்து நான்கு ஜிபி காலியாகக் கிடந்ததே.
தேடினேன்.
டெம்ப் என்கிற உள்ளறையில்
பெயரில்லாமல், வெறும் எண்களாக
ஒரே ஒரு கோப்பு
மொத்த இடத்திலும் கால் நீட்டிப் படுத்திருந்தது.
இந்த ஊரில் பகடி கொடுக்காமல்
யாருக்குக் கிடைக்கும் இவ்வளவு இடம்?
எங்கள் பக்கம் பகடி என்றால் கேலி.
இங்கே அது லட்சங்களில்.

ஆன்டிவைரஸின் வேலை.
சாயர்புரத்திலிருந்து வரும் ஒவ்வொரு துணுக்கையும்
வாசலிலேயே மறித்து,
பிரதி ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு,
முகர்ந்து, புரட்டி,
அப்புறம்தான் எனக்குக் காட்டியிருக்கிறது.
பார்த்து முடித்ததைத் தூக்கிப்போட மட்டும்
அதற்கு மனம் வரவில்லை.

அதைப் போட்டுக் கொடுத்ததே அவள்தான்.
ரயிலேறுவதற்கு முந்தின வாரம்
மூன்று வருடச் சந்தா, அவள் கார்டிலிருந்து.
"கண்டதையும் தட்டுவ நீ,
பக்கத்துல நான் இருக்கமாட்டேன்."

திட்டவும் முடியவில்லை.
ஒன்பது மணியிலிருந்து நான் மட்டும் என்ன செய்தேன்?
நிறுத்தினேன், பின்னால் இழுத்தேன், பெரிதாக்கினேன்.
காதில் கிடப்பது மாட்டுங்காவில் வாங்கிய தோடா,
அவர்கள் போட்ட புதுசா?
சிரிப்பது போட்டோக்காரன் சொல்லியா?
கேமராவை ஒருமுறை நேராகப் பார்த்தாளே,
அது யாரை?
லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தேன்.
கேட்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

கோப்பைத் திறந்து பார்த்தேன்.
எந்தப் பிளேயருக்கும் அது புரியவில்லை.
அழித்தேன்.
பயன்பாட்டில் உள்ளது, அழிக்க இயலாது.
யாருடைய பயன்பாட்டில்?

கடைசியில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன்,
அணைத்துவிட்டு மறுபடி போட்டேன்.
பழைய லேப்டாப், அதில் அப்டேட் வேறு,
ஒரு மணி நேரம் ஆகும் என்றது.
டீ போட்டேன்.
ஒரு டம்ளருக்குத் தண்ணீர் வைக்க
இன்னும் கை பழகவில்லை.
மிச்சத்தை மோரியில் ஊற்றும்போது
ஹார்பர் லைன் வண்டி ஒன்று கடந்தது.
அலமாரியில் மேல்தட்டு இரண்டும் அப்படியே,
ஒரு ஹேர்பின்னும் பழைய பாஸ் அட்டையும் தவிர
ஒன்றுமில்லாமல்.

எழுந்து வந்தபோது
முப்பத்து நான்கும் திரும்பியிருந்தது.
கோப்பு படுத்திருந்த தடம்கூட இல்லை.
கீழே பச்சை எழுத்தில் ஒரு வரி:
சோதித்தவை இரண்டு லட்சத்துச் சொச்சம்,
ஆபத்து ஏதுமில்லை.

நேரலையை யாரோ அணைக்க மறந்துவிட்டார்கள்.
ஆலயம் காலி.
எல்லோரும் பிரியாணிப் பந்திக்குப் போயிருப்பார்கள்.
அரைக்கால் சட்டைப் பையன் ஒருவன்
ஜிகினாத் தாளைப் பெருக்குகிறான்.
குனிந்து எதையோ எடுக்கிறான்,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான்,
சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான்.
தோடா என்று பார்க்கப்
பெரிதாக்கினேன், தெரியவில்லை.

டெம்ப்பைத் திறந்தேன்.
புது எண்களோடு ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது,
பையன் பெருக்குவதையும் பிரதியெடுத்துக்கொண்டு.
பன்னிரண்டு எம்பி.
பதினான்கு.