சொகோ ஏரியில் எண்ணிக்கை நாள்

காப்புக்காட்டின் பெயர்ப்பலகையை
ஆண்டில் ஐந்து மாதம் மீன்கள்தான் படிக்கும்.
மற்ற மாதங்களில் நாங்கள்.

இப்போது அக்டோபர்.
கடைத்தெருவில் குடையை மறந்தவர் போல
சொகோ ஏரியைக் காட்டுக்குள் விட்டுவிட்டு
ஜுருவா ஆறு தன் பாட்டுக்குப் போய்விட்டது.
மரங்களில், என் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில்
வெள்ளம் நின்ற கோடு.
அதற்குக் கீழே நாங்கள் மூச்சுவிடுவதெல்லாம்
கடன் வாங்கிய காற்று.

ஏரியைத் துண்டு துண்டாகப் பிரித்து
ஒவ்வொரு துண்டிலும்
கிழக்கு எனக்கு, மேற்கு ஜெனேசியோவுக்கு.
இருபது நிமிடம்.
துடுப்பு அசையக்கூடாது. பேசக்கூடாது.

பிரருக்கு என்பது
ஆளை விட நீளம், ஆளை விடக் கனம்,
செவுள் இருந்தும் போதாமல்
இருபது நிமிடத்துக்குள் மேலே வந்து
காற்றை விழுங்கியாக வேண்டிய மீன்.

பெரியது வந்தால்
பக்கத்து அறைக் கதவைச் சாத்தியதுபோல் ஒரு தொம்.
சின்னது, யாரோ தும்மலை அடக்கியதுபோல.
முதலை இறங்குவது வேறு.
இளஞ்சிவப்பு ஓங்கில் ஊதுவது வேறு.
பெரியதற்கு ஓர் அசாய்க் கொட்டை
வலது பையிலிருந்து இடது பைக்கு.
சின்னதற்கு ஒரு சோளமணி.

இது பன்னிரண்டு வயதில்
ஈட்டியோடு வந்த காது.
அன்று தொம் கேட்டால் தோள் தானாக உயரும்.
இன்றும் உயர்கிறது.
அதைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுக்
கொட்டையை மாற்றுகிறேன்.

பலகை நட்ட ஆண்டு மொத்த ஏரியிலும் ஒன்பது.
மீதியை அதற்கு முன்பே
நானும் ஜெனேசியோவும் உப்புப் போட்டு விற்றிருந்தோம்.
அந்தப் பணத்தில் வாங்கிய மோட்டாரில்தான்
இப்போது இரவுக் காவல் போகிறோம்.

அவனோடு பேசி மூன்று ஆண்டு.
என் தங்கையை விட்டு மனாவுஸ் போனான்,
ஒரு மழைக்காலம் கழித்துத் திரும்பினான்.
அவள் சேர்த்துக்கொண்டாள்.
நான் இல்லை.
ஆனால் இந்தக் கரை முழுக்க
அவனைப் போலக் கேட்கத் தெரிந்தவர் யாருமில்லை.
எண்ணும்போது பேசக்கூடாது என்ற விதி
எங்கள் இருவருக்குமே வசதி.

ஏழாவது துண்டு.
இங்கே எல்லை, சாய்ந்த எம்பவூபா மரம்.
ஊளைக்குரங்குகள் ஓய்ந்திருந்தன.
மரத்தின் நிழலில், சரியாக நடுவில்
நீர் தடித்தது.
தலை வந்தது. முதுகு வந்தது.
வால் பக்கத்துச் சிவப்பு
வந்துகொண்டே இருந்தது.
அந்த ஒன்பதில் ஒன்றாக இருக்கலாம்.

தொம்.

என் விரல் கொட்டையைத் தொட்டது.
அங்கே அவன் கையும் பைக்குள்.
ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டோம்.
அவனுடையது என்று நான் விட்டேன்.
பிறகு, இல்லை, எனக்கே தெரியாது
எதற்காக விட்டேன் என்று.

மாலையில் மிதக்கும் காவல்வீட்டில்
பைகளைக் கவிழ்த்தோம்.
ஐவனில்டே நோட்டில் எழுதினாள்:
பெரியவை, கிழக்கு ஐம்பத்துநான்கு.
மேற்கு நாற்பத்தொன்பது.
"நூற்றுமூன்று. நூற்றுக்கு முப்பது பிடிக்க அனுமதி.
ஒன்று கூடியிருந்தால் முப்பத்தொன்று ஆகியிருக்கும்"
என்று பென்சிலைக் கடித்தாள்.
"டோர்வலினா, கடைசித் துண்டில், மரத்தடியில்
பெரிதாக ஒன்று வந்ததே, அது யார் கணக்கு?"

ஒரு மீன் என்றால் இரண்டு மாத டீசல்.
மரவள்ளி மாவைக் கிளறிக்கொண்டே
"நிழல்" என்றான் ஜெனேசியோ.
"அலை" என்றேன் நான், அதே நேரத்தில்.
அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள்.
நோட்டை மூடினாள்.

இரவுக் காவல் என் முறை.
எல்லோரும் போய்விட்டார்கள்.
அவன் சொல்லிக்கொள்ளாமல்தான் போனான்,
எப்போதும் போல.

விளக்கை அணைத்தால் ஏரி பெரிதாகிறது.
கைகள் இரண்டும் மடியில்.
பையில் எதுவும் இல்லை.
எண்ணாமல் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
தொம்.

நாளை கேட்க வேண்டும்,
தங்கை வழியாக அல்ல, அவனிடமே:
உன் பக்கத்திலிருந்து
எவ்வளவு நீளம் தெரிந்தது?