முந்நூறு கிராம்

பிணவறைத் தராசில்
ஆணின் இதயம் ஏறக்குறைய முந்நூறு கிராம்.
குடிகாரனுடையது கொஞ்சம் கூட.
இருபத்தாறு வருஷமாய் நான் முள்ளைப் பார்த்துச் சொல்ல
டாக்டர் எழுதுவார்.

ஜெனோபா சோதனைக்கு வாசிக்கிற பாட்டை
ஆக்கினவனுக்கு
உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்று பயமாம்.
'செத்ததும் என்னை வெட்டிப் பாருங்கோ'
கெஞ்சிக் கேட்டுவிட்டுச் செத்தானாம், முப்பத்தொன்பதில்.
சோற்றைப் பிசைந்துகொண்டு சொல்கிறாள்.
'தின்னக்குள்ள என்ன கதை புள்ள இது?'
தாய்க்காரி மீன் சட்டியை மூடுகிறாள்.
நான் இன்னும் கொஞ்சம் கேட்கிறேன்.

பின்வாங்கில் இருப்பவனுக்குக் கேட்காதாம் அவன் வாசிப்பு,
அவ்வளவு மெது.
பெருங்கூட்டத்துக்கு முன்னால் இருந்தது
முப்பது தரமோ என்னவோ.
இருபது வயதில் விட்டு வந்த ஊரில்
வேற்றுப் படை.
பிறகு இருமல், இரத்தம்.

உடம்பு பிறத்தி மண்ணில்.
இதயத்தைப் பிராந்திச் சாடியில் போட்டு
பாவாடைக்குள் மறைத்து
எல்லைக் காவலைக் கடந்தாளாம் அக்கா.

அக்கா என்றதும்
எனக்குத் தொண்ணூற்றாறு.
படுவான்கரை நேசப்பிள்ளை
தம்பியை எடுக்க வந்து மூன்று நாள்
ஆஸ்பத்திரி வாகைமரத்தடியில் கிடந்தாள்.
பெட்டியோடு ஆற்றைக் கடக்கப் பாஸ் இல்லை.
புளியந்தீவில் தாட்டார்கள்.
'என்னத்தையெண்டாலும் தாங்க.'
அவன் சட்டைப் பையைக் கத்தரித்துக் கொடுத்தேன்,
பேனை கசிந்த நீலக் கறையோடு.
மடித்து எங்கே செருகினாளோ,
வவுணதீவுச் சென்றியில் நாலு கை தடவியும்
அகப்படவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.
அதை நான் நிறுக்கவில்லை.

கன்னியர் மடத்துப் பியானோவுக்குள்
நாற்பது வோட் பல்ப் ஒன்று
இரவும் பகலும் எரியும்.
வாவிக் காற்றின் உப்பு கம்பியைத் தின்னாதிருக்க.
நாங்கள் குளிரில் வைத்துக் காக்கிறோம்,
அவர்கள் சூட்டில்.

வேலை முடிந்து மகளை ஏற்றப் போனால்
ஜன்னலுக்கு வெளியேதான் நிற்பேன்.
ஃபோர்மலின் வாடை சவர்க்காரத்துக்குப் போகாது.
சிஸ்டர் கூப்பிடுவா. இல்லை, மழை வரப்போகுது என்பேன்.

மேலே ஒரு கட்டை ஊமை.
திருத்துகிறவர் கொழும்பிலிருந்து வரவேண்டும்,
தை மாதம் என்றார்கள், இப்போ ஆனி.
பாட்டு அந்த இடத்துக்கு வருகிறபோதெல்லாம்
பார்த்துக்கொண்டு நிற்கிறேன்:
விரல் போகிறது,
அழுத்துகிறது,
ஒரு சத்தமுமில்லை.
தாவிப் போகலாம்தானே, யாருக்குத் தெரியும்?

தாவவில்லை அவள்.
அடுத்த தரமும் அழுத்துகிறாள்.

முதல் துளி சைக்கிள் சீற்றில் விழுகிறது.