ஐம்பத்தேழரை

டார்லிங்டன். சனிக்கிழமை. தூறல்.
வாரம் முழுக்க ஏழாம் இலக்க பஸ்ஸை
மணிக்கு இருபது மைலில் உருட்டுகிறவள்
தலைக்கவசம் வாங்க வந்திருக்கிறேன்.
அடுத்த ஞாயிறு
பழைய விமான ஓடுதளத்தில்
என் மாஸ்டாவை
ஒருவரும் ஏறாத ஒருவரும் இறங்காத
ஒரு வழியில் ஓட்டப்போகிறேன்.

கையோடு ஒன்று கொண்டுபோயிருந்தேன்:
பீட்சா விநியோகித்த காலத்தில்
இவர் போட்ட ஸ்கூட்டர் கவசம்.
கடைப் பையன் ஃபின்லே
அதை மரியாதையோடு வாங்கி
மரியாதையோடு திருப்பித் தந்தான்.
இது தெருவில் வழுக்கி விழுகிறவருக்கு.
நீங்கள் விழப்போவதில்லை.
பெல்ட்டில் கட்டுண்டு உட்கார்ந்தபடியே
ஒரே இரும்புக் குழாயில்
ஒரே தலையை
இரண்டு மூன்று தரம் இடிக்கப்போகிறீர்கள்.
தீயும் வரலாம், உள்துணி எரியக் கூடாது.
கால அட்டவணை வாசிக்கிற குரல்.

பிறகு அளவு நாடா.
புருவத்துக்கு ஒரு விரல் மேலே சுற்றினான்.
சட்டைக்கு எடுத்திருக்கிறார்கள், மோதிரத்துக்கு எடுத்திருக்கிறார்கள்;
நாற்பத்தாறு வருஷத்தில்
தலையை யாரும் அளந்ததில்லை.
ஐம்பத்தேழரை, என்றான். நீள்வட்டம்.
பள்ளிக்கூடத்தில் இதற்கு
மாங்கொட்டை என்று பெயர்.

சிவப்பு ஒன்று இருந்தது.
கண்ணாடியில் யாரோ ஒரு கெட்டிக்காரி.
நான் வலப்பக்கம் திரும்பினேன்,
அது கொஞ்ச நேரம்
நேரேயே பார்த்துக்கொண்டிருந்தது.
நீலம் நெற்றி நடுவில்
கட்டைவிரல் வைத்து அழுத்தியது.
கார்பன் இழை, இறகு மாதிரி;
விலைச்சீட்டுத்தான் கனம்.

கடைசியில் வெள்ளை.
பூவில்லை, கோடில்லை, அவித்த முட்டை.
வார் இரண்டையும் விரித்துத் தலையை நுழைத்தேன்.
கன்னம் இரண்டும் பல்லுக்கு நடுவே வந்தன.
பின்னாலிருந்து தூக்கிப் பார்த்தான், கழரவில்லை.
திருப்பிப் பார்த்தான்,
நெற்றித் தோலும் கூடவே வந்தது.
மூக்குக்கண்ணாடி காதோரம் வழி பார்த்து
மெல்ல உள்ளே போனது.
இருபது நிமிஷம் போட்டிருங்கள்,
வலிக்கிற இடம் அதற்குள் வாயைத் திறக்கும்.

உள்ளே என் மூச்சு மட்டும்.
மணி இல்லை, சில்லறை இல்லை,
மடிக்க மறுக்கும் குழந்தை வண்டி இல்லை,
இறங்கும்போது நன்றி சொல்வோரும் இல்லை.
பதினான்காம் நிமிஷம்
டிப்போவிலிருந்து மார்லீன்.
கவசத்துக்குள் போன் நுழையாது;
ஃபின்லே ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தான்.
அடுத்த ஞாயிறு ஆள் பற்றாதாம்,
நீதான் மறுக்க மாட்டாயே என்றாள்.
பதினொரு வருஷமாய்ச் சொல்லாத சொல்லை
காது கேளாதவள்போலக் கத்தினேன்:
முடியாது.
டயர் பார்த்துக்கொண்டிருந்த இருவர்
தங்களுக்குச் சொன்னதாக நினைத்து
கையை எடுத்துக்கொண்டார்கள்.

பணம் கட்டுமுன்
உள்பஞ்சை விலக்கிக் காட்டினான்.
அடியில் ஒரு சீட்டு:
எந்தச் சோதனையில் தேறியது, எந்த ஆண்டு.
இதில்லாமல் பரிசோதகர் தடத்துக்கு விடமாட்டார்.
தலையெழுத்து.
வாசிக்கும்படி எழுதியிருந்தார்கள்.
கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள்,
வெளியே ஒன்றும் தெரியாது,
உள்ளே நொறுங்கியிருக்கும் என்றான்.
அப்படிச் சிலரை எனக்குத் தெரியும்
என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு பஸ்ஸில்.
மேல்தளம், முன்னிருந்து இரண்டாம் வரிசை.
ஓட்டியவன் புதுசு, என்னைத் தெரியாது.
ரவுண்டானாவில் போட்டான் ஒரு பிரேக்.
இரண்டு கையாலும் பெட்டியை அணைத்தேன்.
நெற்றி போய் முன்சீட்டுக் கம்பியில்
ணங்கென்று.

தலைப்பாகைக்கு வந்தது
தலையோடு போயிற்று.

பெட்டியைத் திறந்து
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு கீறலும் இல்லை.