கருத்து நோட்டு

சங்குமேட்டுக் கோயிலில்
பூசைக் கருத்து எழுதும் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.
பச்சை அட்டை. பக்கத்துக்குப் பக்கம் நடுவில் சிவப்புக் கோடு:
இடப்பக்கம் இருக்கிறவர்களுக்கு,
வலப்பக்கம் போய்விட்டவர்களுக்கு.
கருத்துக்கு ஐம்பது ரூபாய்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம்
ஒன்பது கிளை ஊரிலிருந்தும் வருவார்கள்.
மேற்கேயிருந்து ராக்கு,
கரிமூட்டத்துக்குத் தீ வைத்த கையோடு.
அவள் எண்ணித் தரும் பத்து ரூபாய்த் தாள்களில்
காந்தி முகம் கறுத்தே இருக்கும்.
"வேதக்காரி இல்ல நான், அது அந்தோணியாருக்கே தெரியும்.
ஏழு நாளைக்கு மழை வேண்டாம்னு எழுது.
மூட்டம் நனைஞ்சா கூலி கிடையாது."
எழுதினேன்.
அடுத்து மிளகாய்க் காட்டு நீக்கிலாசு:
"இந்த வாரம் ஒரு மழையாவது."
அதையும் எழுதினேன்.
உப்பளத்து ஆட்கள் ராக்கு பக்கம்.
ஐஸ் கம்பெனி நூர்தீன் மாத்திரம்
வானத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை;
மகளுக்கு நர்சிங் சீட்டு.

கடைசியில் கித்தேரி.
பாசி எடுத்துவிட்டு நேரே வருவாள்,
விரலில் சுற்றிய துணி ஈரம் காயாமல்.
சலேத்து போன வள்ளம் திரும்பாமல் பதினாலு மாதம்.
அக்கரைச் சிறைப் பட்டியலில் பேரில்லை,
கரையொதுங்கியதாகவும் சேதியில்லை.
முதல் எட்டு மாதம் இடப்பக்கம் எழுதினேன்.
ஒன்பதாம் மாதம், யாரும் சொல்லாமலே,
என் பேனா வலப்பக்கம் போனது.

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்.
படித்தாள்.
திட்டவில்லை. பேனாவை வாங்கி
அடித்துவிட்டு,
சிவப்புக் கோட்டின் மேலேயே எழுதினாள்
புருசன் பேரை,
ஒரு எழுத்துக்குக் கீழே ஒரு எழுத்தாக.
அன்றிலிருந்து அந்த ஒரு வேலை அவளுடையது.

ஞாயிறு பூசையில் சாமியார்
மழை வேண்டும், மழை வேண்டாம் இரண்டையும்
ஒரே மூச்சில் வாசித்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.
பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"சலேத்து" என்றார்.
எதற்காக என்று சொல்லவில்லை.
சபையும் கேட்கவில்லை.
எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாக.

வியாழன் இரவு மழை பெய்தது,
கடலில் மட்டும்.
ராக்கு மறு செவ்வாய் நன்றிக்கு இருபது கொண்டுவந்தாள், மீதி பிறகு என்று.
நீக்கிலாசு என் பக்கம் திரும்பாமல் மெழுகுவத்தி கொளுத்திவிட்டுப் போனார்.
கித்தேரி கேட்டாள்:
"எங்கிட்டு பெஞ்சுச்சு மழை,
நம்ம பக்கமா, அந்தப் பக்கமா?"

நடுவில் என்று சொல்ல வாய் வந்தது.
பேனாவைக் கொடுத்தேன்.